ஸ்டியரிங் திரும்பவே இல்லை

11 ஜூன் 2001, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று, மழையும் கூடவே திறந்துகொண்டது. ஆட்டோவுக்கு நின்று புடவை முழங்கால் வரை நனைந்தது. கார் கீழே உறை போர்த்திக்கொண்டு சொகுசாக நிற்கிறது. மார்ச்சுக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் கீழ்வீட்டுக்குக் கொள்ளு ரசம் கொண்டுபோனேன். பக்தவத்சலம் ஐயா, ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், வேலூர்க்காரர். மார்ச்சில் எங்கள் கேட்டுக்குள் திரும்பும்போது நான் இடித்துத் தள்ளியது இவரைத்தான். தொடை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். இன்னும் கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. ரசத்தை வாங்கிக்கொண்டு எப்போதும் சொல்வதையே சொன்னார்: "விடும்மா. பொம்பளைங்க கைக்கு வண்டி பழக நாளாவும்."

திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

12 ஜூன்

அன்று நான் வளைத்தேன். ஸ்டியரிங் கல் மாதிரி நின்றது. வீட்டுக்காரரிடம் அப்போதே சொன்னேன், "திரும்பவே இல்லைங்க" என்று. "புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் சொல்றதுதான் கிரிஜா. பதட்டத்துல திருப்பியிருக்க மாட்டே" என்றார். கார் கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஜினியர் சொன்னால் கணக்கு டீச்சர் என்ன மறுத்துப் பேசுவது? சரி, நான்தான் திருப்பவில்லை.

30 ஜூன், சனி

கம்பெனியில் ஊழியர்களின் வண்டிகளுக்கு மழைக்கால இலவசப் பரிசோதனையாம். இவர் விடிந்ததும் காரை ஆகுர்டியில் இருக்கும் ஃபேக்டரிக்கு ஓட்டிக்கொண்டு போய் மத்தியானம் திரும்பினார். காரைக் கழுவிக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். பரவாயில்லையே.

8 ஜூலை, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

இவர் பிரிவில் வேலை செய்யும் கிட்டு சாப்பிட வந்திருந்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பையன், தமிழைத் தட்டித் தடவித்தான் பேசுவான். தோசை போட்டுக்கொண்டே கேட்டேன், நானும் மறுபடி ஓட்டலாமா, பயமாக இருக்கிறது என்று. அவன் ரொம்ப இயல்பாகச் சொன்னான்: "டென்ஷனே வேண்டாம் அண்ணி. இப்ப ஸ்டியரிங் ஜாயின்ட் புதுசு போட்டாச்சு இல்ல. இனிமே ஜாம் ஆகாது."

நான் தோசைத் திருப்பியோடு நின்றேன். "எது ஜாம் ஆகும்?"

"அதான், தண்ணி போனா துரு பிடிச்சு, திருப்பறப்போ லாக் ஆகுமே. ஃபிப்ரவரிலேயே கம்ப்ளெயின்ட் வந்துதே. அண்ணாதான் பிரிச்சுப் பார்த்தார்…" இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். தோசை கருகிற்று. அவன் சாப்பிடாமலே போய்விட்டான்.

பிப்ரவரி. நான் இடித்தது மார்ச்.

தெரிஞ்சிருக்கு. இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில் நான் ஐயா காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது பக்கத்தில்தானே நின்றார்? நான்தான் திருப்பலைன்னு சொன்னாரே, எப்படி வாய் வந்துச்சு?

கேட்டேன். "வெளியே சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். சொன்னா வேலை போயிரும்" என்றார்.

"நான் வெளியா?"

கிட்டு விட்டுப்போன தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"சரி, தெரிஞ்சும் என்னை ஏனுங்க ஓட்ட விட்டீங்க?"

"ஆயிரத்துல ஒண்ணுக்குத்தான் வரும்னு நினைச்சேன்."

ஆயிரத்தில் ஒன்று. அந்த ஒன்று நான்.

9 ஜூலை

வகுப்பில் ஒரு சுலபமான கணக்கைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

10 ஜூலை

காலையில்தான் உறைத்தது. என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐயாவின் மகள் சுப்ரஜாவிடம் இருப்பதும் இதே வண்டிதானே. போன தசராவுக்கு, "எங்க கம்பெனி வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று இவர் சொல்லித்தான் வாங்கினாள். புருஷன் எல்லையில் மேஜர். இவள் அப்பா வீட்டில் இருந்துகொண்டு, சாத்தாராவில் சைனிக் பள்ளியில் படிக்கும் மகனைப் பார்க்கச் சின்னவளோடு கம்பாட்கி மலைப்பாதையில் தானே ஓட்டிப் போகிறாள். இந்தச் சனிக்கிழமையும் போகிறாள்.

"அவ வண்டிக்கு எப்ப மாத்துவாங்க?"

"பார்ட் வரணும். மொதல்ல ஸ்டாஃப் வண்டிங்க, அப்புறம்தான் மத்ததுக்கு. நீ எதுவும் சொல்லாதே கிரிஜா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றுதான் இவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள்.

11 ஜூலை, புதன்

கீழே போய் ஐயாவிடமும் சுப்ரஜாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஐயா நம்பவில்லை. எதிர்பார்க்கவே இல்லை நான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். கோபமாகக்கூட இல்லை. "நான்தான் மன்னிச்சிட்டேனேம்மா. இன்னும் எதுக்கு வண்டி மேல பழியைப் போடுறே? எவ்ளோ பெரிய கம்பெனி. அப்படி ஒண்ணு இருந்தா உன் வீட்டுக்காரர், ஜம்பு சார், எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாரா?"

சுப்ரஜா என் கையைத் தட்டிக்கொடுத்தாள், பைத்தியத்தைத் தட்டிக்கொடுப்பதுபோல.

ஒரு வண்டியை நம்புகிறார்கள். அதைச் செய்தவனை நம்புகிறார்கள். இத்தனை நாள் ரசம் கொண்டுபோனவள் பேச்சுக்கு மட்டும் மதிப்பில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

12 ஜூலை

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினேன். ஜம்புநாதன் சார் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

13 ஜூலை

நாள் முழுக்க மழை. ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்.

14 ஜூலை, சனி

விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். "சுப்ரஜா, இன்னிக்கு என் காரை எடுத்துட்டுப் போ. உன்னோடதை நான் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறேன். எனக்காகக் கண்ணு, ஒரே ஒரு நாள்."

"அக்கா மறுபடி ஓட்டப் போறீங்களா? இதுக்காகவே தரலாம்" என்று சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினாள். அவள் என் காருக்குள் பைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். ஐயா கேட் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவள் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தேன்.

மாடியில் இவர் பேப்பரோடு நின்றார். என்னைப் பார்த்தார். எந்தக் கார் என்றும் பார்த்தார்.

நிஜமாகவே ஓட்டியிருப்பேனா? தெரியவில்லை. கியர் போட்டேன். கார் கேட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. இவர் வெறுங்காலோடு படியிறங்கி ஓடிவந்து பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"எறங்கு கிரிஜா. இதை ஓட்டாதே. ஸ்டியரிங் பூட்டிக்கும்."

கண்ணாடியை இறக்கினேன். "சத்தமாச் சொல்லுங்க. ஐயாவுக்குக் கேக்கலை."

மழையில் நனைந்துகொண்டே நின்றார். பிறகு ஐயா பக்கம் திரும்பிச் சொன்னார். ஜாயின்ட், துரு, பிப்ரவரி, எல்லாம். "அன்னிக்கு இவ திருப்பியிருக்கா ஐயா. வண்டிதான் திரும்பலை."

ஐயா தடியை எடுக்க மறந்து எழுந்தவர் தடுமாறிவிட்டார். சுப்ரஜாதான் ஓடிப் பிடித்தாள். சின்னவளை இறுக அணைத்துக்கொண்டு இவரைப் பார்த்தாளே ஒரு பார்வை. அன்று அவள் சாத்தாராவுக்குப் போகவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடி ஏறினேன்.

16 ஜூலை

ஐயா தடியை ஊன்றிக்கொண்டு மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை. "உங்கையால சாப்பிட்டுக்கிட்டே உன்னைக் குத்திக்கிட்டு இருந்தேனேம்மா" என்றார். இவர் உள்ளறையில் இருந்தார். ஐயா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

சுப்ரஜா வண்டிக்கு ஜாயின்ட் மாற்றியாயிற்று. இவரே ஆகுர்டிக்கு இழுத்துக்கொண்டு போய் நின்று மாற்றிக் கொண்டுவந்தார். பார்ட் இருந்திருக்கிறது பாருங்கள்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

மேஜர் ஒரு பத்திரிகை விடாமல் எழுதிப் போட்டார். இன்று கம்பெனி அரைப்பக்க விளம்பரம் கொடுத்திருக்கிறது. அன்பான வாடிக்கையாளர்களே, உங்கள் நலனுக்காக இலவசப் பரிசோதனை. கோளாறு என்ற சொல் எங்குமே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். படம் மட்டும் அழகு, ஒரு குடும்பம் காரில் சிரித்துக்கொண்டு போகிறது.

இவருக்கு வேலை போகவில்லை. ஸ்டோர்ஸுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

3 செப்டம்பர்

பள்ளிக்குக் காரில் போனேன். கேட்டில் ஐயா கைகாட்டி வழிவிட்டார்.

22 டிசம்பர், சனி

கோயம்புத்தூர் ரயில். பெட்டிகளோடு கிளம்பி ஆட்டோவில் ஏறியாயிற்று. "கேஸை மூடியாச்சா?" என்று கேட்டேன்.

"மூடிட்டேன். நானே பார்த்தேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து எத்தனை பயணம் போயிருக்கிறோம். இவர் பூட்டினேன் என்றால் பூட்டினது, மூடினேன் என்றால் மூடினது. நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஆட்டோவை நிற்கச் சொன்னேன். மாடியேறிக் கதவைத் திறந்து அடுப்படிக்குப் போனேன். இவர் கீழே மீட்டர் ஓட ஓடக் காத்திருந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

மூடித்தான் இருந்தது.