அவர் கை பட்ட குமிழ்

ஐப்பசி 12, வியாழன்.

அவர் இறந்தபின் இன்றுதான் முதல்முறையாகக் காரில் ஏறினேன், திருச்செங்கோட்டுக்கு, அண்ணன் வீட்டுக்கு. கொழுந்தன் ஓட்டினான். கியர் கம்பியின் தலையில் புதுக் குமிழ் ஒன்று பளபளத்தது. பழையது மரக்குமிழ். எடப்பாடியில் தறிச் சாமான் கடைகிற ஆசாரியிடம் சொல்லிக் கடைந்து வாங்கி, என் வீட்டுக்காரர் தன் கையால் மாட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அதுக்குள்ள உங்கண்ணனைக் கழட்டி வீசியாச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் திரும்பவில்லை. "இல்லீங்க அண்ணி. அண்ணன் கை பட்டுப் பட்டு அதுல பள்ளமே உழுந்து கெடந்துச்சுங்க. புடிச்சா அவங்க கையப் புடிச்ச மாதிரியே இருக்குதுங்க. என்னால ஓட்ட முடியலீங்க."

பழையது எங்கே என்றேன்.

"சாம்பல் கரைச்ச எடத்துலயே காவேரியில உட்டுட்டனுங்க."

அவனை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

இத்தனை வருஷம் அவர் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனேன். குமிழை ஒரு தரமாவது தொட்டுப் பார்த்தேனா? பள்ளம் இருந்ததே இன்றைக்குத்தான் தெரியும்.

மரம்தானே, முழுகியிருக்காது. எந்தக் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதோ.