உன் புத்தகத்தில் என் எண்கள்

அடுப்படித் தோழிக்கு,

இன்று காலை ஊசிப் பேனாவில் புதுக் குப்பியைச் செருகியபோது ஒரு சொட்டு விரலில் பட்டது. ஆஸ்பத்திரி வார்டைக் கழுவிவிட்ட மாதிரி அதே நெடி. "இனிப்புநீர் வியாதிக்குப் போடுற ஊசி, ஒரு இனிப்பு வாசனையாவது வரக்கூடாதா லா?" என்று நீ மூக்கைச் சுளிப்பது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. உன் மேல் பாதி, என் மேல் பாதி.

சிகாமட் பள்ளிக் கண்டினில் பன்னிரண்டு வருடம் ஒன்றாக நின்றோம். நீ மிளகாய்ச் சம்பால் கிண்டுவாய், நான் தேங்காய்ப்பால் சோற்றோடு சேர்த்து நாசி லெமாக் பொட்டலம் கட்டுவேன். இருவருக்கும் ஒரே வியாதி, ஒரே கிளினிக், ஒரே நாளில் டாக்டரைப் பார்க்கும் தவணை. உன் மோட்டார் சைக்கிளில்தான் போவோம். பின்னால் உட்கார்ந்து நான் கத்தினால், "இன்சுலின் காப்பாத்துனாலும் நீ பயத்துலயே செத்துருவ டி" என்பாய்.

ஒரு வருடம் இன்சுலினுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிளினிக்கில் ஒரு மாத மருந்துக்குப் பதிலாக இரண்டு வார மருந்து கொடுத்து, மீதியை வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வாங்கித் தந்தான். உனக்கு யார் இருந்தார்கள்? மருந்துக்கடையில் விலையைக் கேட்டுவிட்டு, "இதுல ஒரு வாரம் வீட்டுச் சமையலே முடிஞ்சிரும்" என்று நீ சிரித்தாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஊசி போட்டிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. தவணைக்கு முதல் நாள், தினமும் சர்க்கரை அளவை எழுதி வைக்கும் என் புத்தகத்தைக் கேட்டாய். "கொடு டி, டாக்டர் ஏசுவாரு. என்னுது ரொம்ப ஏறிக் கெடக்கு." அங்கொன்றும் இங்கொன்றும் மாற்றி, என் எண்களை உன் புத்தகத்தில் எழுதினாய். "எழுது எழுது, முழுப் புள்ளி வாங்கிடுவ" என்று கேலி செய்துகொண்டே நானும் வாசித்துக் காட்டினேன்.

கையிருப்பு கொஞ்சம்தான். சர்க்கரை ஏறிக் கிடந்தவர்களுக்கு மட்டும் டாக்டர் முழு மாத மருந்து எழுதினார். உன் புத்தகத்தைப் புரட்டி, "பாகுஸ், காக்", நல்லா இருக்கு அக்கா என்று மலாயில் பாராட்டி, இரண்டு வார மருந்தோடு அனுப்பிவிட்டார். நீயும் பெருமையாக வெளியே வந்தாய். அவை என் மகனின் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் வந்த எண்கள். அவற்றைக் காட்டி உனக்கு வரவேண்டிய மருந்தை நாம் இருவரும் சேர்ந்து தடுத்துவிட்டோம்.

அடுத்த வாரம் கண்டினில் வாந்தியெடுத்து விழுந்தாய். ஆஸ்பத்திரிக்கு உன் துணிமணி எடுக்க உன் வீட்டுக்குப் போனவள் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய குப்பி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் நீ இல்லை. கேட்டிருந்தால் என் மருந்தில் பங்கு கொடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் தட்டுப்பாடு. போன வாரம் கிளினிக்கில் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, உங்க புக்க கொஞ்சம் தாங்க. நான் ஒன்னும் எழுதல."

"ஏன் எழுதல?"

"ஊசி தீர்ந்து பத்து நாளாச்சு. வெளிய வாங்க முடியல. டாக்டர்கிட்ட சொல்ல வெக்கமா இருக்கு."

"தர மாட்டேன்" என்றேன். அவளைக் கூப்பிட்டதும் கூடவே எழுந்து உள்ளே போனேன். "டாக்டர், இவங்க ஊசி போட்டு பத்து நாளாச்சு. வாங்கக் காசு இல்ல" என்று மலாயில், கதவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவளுக்கு முழு மாத மருந்து கிடைத்தது. "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். போகட்டும். இனி எந்தத் தவணைக்குப் போனாலும் இப்படித்தான் செய்வேன், யார் முகம் சுளித்தாலும் சரி.

உன்னிடமும் அன்று அப்படிச் செய்திருந்தால் நீ என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பாய். இன்றைக்கும் சிகாமட்டில் யாரிடமாவது என்னை ஏசிக்கொண்டு இருந்திருப்பாய்.