கொய்யாவுக்கு ஒரு கார்டு

அன்புள்ள காதர் மச்சானுக்கு,

நீ போன பிறகு நம் நூலகத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். "காதர் பாய் இல்லையா?" என்று கேட்கிறார்கள். காய்ச்சலில் தவறிவிட்டார் என்று சொல்கிறேன். "சரி, இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு நாள் யாரைக் கேட்டு வருவார்கள்?

நான் உள்ளறையில் உட்கார்ந்து, புத்தகங்களைத் தேடி எடுப்பதற்கான கார்டுகளை எழுதியவன். நூலக விதி சொல்லும் தலைப்புகளில்தான் எழுதினேன். முன்மேசையில் நீ இருந்தாய். ஆட்டுக்கு வயிறு ஊதுகிறது என்று அய்யலூர்க்காரர் வந்தால், கால்நடை மருத்துவப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைப்பாய். கார்டுப் பெட்டியை யாரும் திறந்ததே இல்லை. "மாப்ள, ஒன் கார்டு ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் புரியும்" என்று சிரிப்பாய். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

இப்போது முன்மேசையில் நான். போன மாதம் ஆயக்குடி விவசாயி ஒருவர் வந்தார். யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்து 'கொ' எழுத்தில் தேடினார். நான் வேறொருவருக்குப் புத்தகம் பதிந்துவிட்டு நிமிர்ந்தபோது, "கொய்யாவுல பூச்சி விழுகுதுங்க. அதுக்குப் பொஸ்தகம் எதுவும் இல்லீங்க போல" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

புத்தகம் இருந்தது மச்சான்! 'தோட்டக்கலை' என்று நான் எழுதிய கார்டில் இருந்தது. அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பழநி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், கையெழுத்துகூட வாங்கவில்லை. "படிச்சுப்போட்டுக் கொண்டாந்து தர்றனுங்க" என்றார். இப்படி எத்தனை பேர் பின்னால் ஓடுவேன்?

அன்றைக்கே 'கொய்யா' என்று ஒரு கார்டு எழுதி, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்றும் குறித்தேன். பிறகு கை நிற்கவில்லை. 'ஆட்டு நோய்', 'தோல் ஊறப்போடுறது', 'பிள்ளைக்குப் பேரு' என்று ஜனங்கள் உன்னிடம் கேட்ட சொற்களையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதிப் பழைய கார்டுகளுக்கு நடுவில் செருகினேன். இப்போது பெட்டியைத் திறக்கிறார்கள். தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

மேலதிகாரி வந்து பார்த்தார். "என்னய்யா இது, சந்தைப் பேச்சையெல்லாம் கார்டுல எழுதி வச்சிருக்கீரு? எல்லாத்தையும் எடுத்துரும்" என்றார்.

"எடுத்துட்டா ஜனங்க எப்படிங்கய்யா தேடுவாங்க?"

"ஒம்மகிட்ட கேக்கட்டும்."

கேட்கலாம். நான் இருக்கும்வரை கேட்கலாம். உன்னை மாதிரி நானும் ஒருநாள் பொசுக்கென்று போய்விட்டால்?

நாளைக் காலையில் அவர் மறுபடி வருகிறார். கார்டுகள் பெட்டியில் இருந்தால் என்னை வேறு ஊருக்குத் தூக்கியடிப்பாராம். வீட்டில் என் பெண்சாதி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் இன்னும் நூலகத்தில்தான் இருக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உட்காருகிறேன், எழுகிறேன், பெட்டியை இழுக்கிறேன், மூடுகிறேன். ஒரு கார்டைக்கூட உருவ முடியவில்லை. ஒவ்வொன்றையும் படிக்கும்போது உன் குரல்தான் கேட்கிறது. இவற்றை எடுத்தால் நீ இன்னொரு தரம் செத்துப்போவாய். ஒரு தரம் பட்டதே எனக்குப் போதும்.

எடுக்க மாட்டேன் மச்சான். மாற்றினால் மாற்றட்டும். போகிற ஊரில் ஜனங்கள் எதை எப்படிச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று முதலில் காதுகொடுத்துக் கேட்பேன், அப்புறம்தான் பேனாவைத் திறப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பெண் கொடுக்காமல், எடுக்காமல் உனக்கு மாப்பிள்ளையான
தங்கவேலு