கடைசி சரணத்தில் ஒரு பேர்

ஜூன் 3, 2025

மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. உதயா பகலெல்லாம் காசிமேட்டில் யாருடைய போட்டு என்ஜினையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு கிடக்கிறார். வீடு முழுக்க டீசல் வாசனை. கட்டிய புருஷனை மூக்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்கும் பாக்கியம் எனக்கு.

ஆனால் இன்றைக்கு நான் மகாராணி. என் பத்து வருடப் பாட்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்து ஒரே ஆல்பமாகப் போடப் போகிறதாம் ஆடியோ கம்பெனி. ‘ராயபுரம் ரேகா பெஸ்ட் ஹிட்ஸ்’. எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள் சுஜா. அங்கே பாட்டுகளின் உரிமை விவகாரம் பார்க்கிற பெண்.

முதல் பாட்டுக்கு யோசனையே வேண்டாம். ‘ஐஸு உருகுது’. அதைப் பாடாமல் எந்த ஊரிலும் என்னை மேடையை விட்டு இறங்க விட்டதில்லை. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, நான் மைக்கைத் தொட்டதும் “ஐஸு! ஐஸு!” என்று கத்துவார்கள். என் சொந்தப் பேரே சில பேருக்குத் தெரியாது, ஐஸ் ரேகா என்றால்தான் தெரியும்.

ஜூன் 6

சுஜா போன் செய்தாள். ‘ஐஸு உருகுது’ ஆல்பத்தில் வராதாம்.

ஏன்?

“அது உங்க பாட்டு இல்ல மேடம்.”

சிரித்துவிட்டேன். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு பாட்டை யார் செலவில் பதிவு செய்தார்களோ, அந்தப் பதிவு அவருக்குத்தான் சொந்தமாம். பாடினவளுக்கு இல்லையாம். தண்டையார்பேட்டையில் சவுண்டு சர்வீசும் கல்யாண வீடியோவும் நடத்துகிற ரகுபதி அண்ணன்தான் என் முதல் ஆறு பாட்டையும் அவர் கடை மாடியில் பதிவு செய்து தன் சேனலில் போட்டார். மைக் அவருடையது, கேமரா அவருடையது, மத்தியானப் பிரியாணியும் அவருடையது. நான் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. அண்ணன் தங்கைக்குள் காகிதம் எதற்கு?

போன வருடம் அந்தச் சேனலை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு மொத்தமாக விற்றுவிட்டாராம். கோழியை விற்றால் முட்டையும் கூடவே போகிற மாதிரி என் ஆறு பாட்டும் போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

என் தொண்டை. என் மூச்சு. இது எப்படி எவனோ ஒருவனுடையது ஆகும்?

ஜூன் 7

‘ஐஸு உருகுது’ இல்லாமல் ரேகாவுக்கு என்ன பெஸ்ட்? மீன் இல்லாத மீன்குழம்பா?

ஜூன் 10

காலையில் சிரித்தேன், சாயங்காலம் அழுதேன்.

சுஜா ஒரு வழி சொன்னாள். பழைய பதிவுதான் அவர்களுடையது. வரியும் மெட்டும் என்னுடையது என்றால் அதே பாட்டைப் புதிதாகப் பாடி எங்கள் ஆல்பத்தில் போடலாம். அட, இவ்வளவுதானா! உடனே ஆபீசுக்கு ஓடினேன்.

வரி என்னுடையதுதான். காசிமேட்டில் அம்மா ஏலத்தில் மீன் எடுக்கும்வரை ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பேன். அந்த மெஷின் போடுகிற சத்தத்துக்கே வாயில் வந்த பாட்டு.

“அப்போ இது?” என்று சுஜா என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினாள். கடைசி சரணம்.

‘வார்த்த குடுத்தது யாரு? தண்டையார்பேட்ட ரகுபதி பாரு!’

எனக்கு வேர்த்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கானாவில் கடைசி சரணத்தில் ஒரு பேர் வரும். நம்மை நம்பி மைக்கைக் கையில் கொடுத்தவர் பேரை அங்கே வைத்து, வார்த்தையே அவர் தந்தது என்று பாடுவது மரியாதை. அதைக் கேட்டு அவர்தான் எழுதினார் என்று இங்கே ஒரு குழந்தைகூட நம்பாது. “பேர நல்லா இழுத்துப் பாடு, தேஞ்சிடப் போது” என்று அண்ணன் அன்றைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். நானும் இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறேன், பைத்தியக்காரி.

விற்கும்போது வரியும் மெட்டும் தன்னுடையது என்று சொல்லித்தான் விற்றிருக்கிறாராம். “இல்லன்னு நாம எப்படிச் சொல்றது மேடம்? நீங்களே பாடி வெச்சிருக்கீங்களே” என்றாள் சுஜா. பாவம், அவளுக்கே சங்கடமாக இருந்தது. ரகுபதி அண்ணன் வந்து உண்மையைச் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இந்தப் பாட்டை மறந்துவிட்டு ஆல்பம் போட வேண்டியதுதானாம்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். நான் பாட்டுப் பாடிப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 12

தண்டையார்பேட்டை போனேன். ரகுபதி அண்ணன் கடையில் லைட்டுக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னா ரேகா, பெரிய ஆளாய்ட்டு இந்தாண்டலாம் வந்துகீற?”

கேட்டேன். சேனலை விற்றதைக்கூட விடுங்கள், வரி உங்களுடையது என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ஒயரைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“நீதான பாடுன, வார்த்த குடுத்தது ரகுபதின்னு? ஊரே கேட்டுச்சே. நான் எதுனா புதுசா சொன்னேனா?”

வெட்கப்படுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் முகத்தில் வெட்கமே இல்லை. பத்து வருடமாக ஊர் கேட்கக் கேட்க, தான்தான் எழுதினேன் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார்! பொய் சொன்னால் சண்டை போடலாம். நம்புகிறவரிடம் என்னத்தைப் பேச?

உள்ளேயிருந்து பூமாரி அண்ணிதான் கத்தினாள். “யோவ், மளிகக்கட சீட்டே நான் எழுதி குடுக்குறேன். நீ பாட்டு எழுதுனியா? வாய கழுவுய்யா!”

“நீ உள்ள போமே” என்றார் அண்ணன். மறுபடி ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

ஜூன் 15

தடைக்காலம் முடிந்து எல்லாப் போட்டும் கடலுக்குப் போயின. கரையில் ஸ்பீக்கர் கட்டி என் பாட்டைத்தான் போட்டார்கள். உதயாவை அனுப்பப் போனவள், கையைக்கூட ஆட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். பாவி.

ஜூன் 27

அந்த வெளியூர்க் கம்பெனி முந்திக்கொண்டது. ‘ராயபுரம் ரேகா மெகா ஹிட்ஸ்’ என்று இன்றைக்கு வெளியிட்டுவிட்டார்கள். எனக்கே தெரியாமல் என் மெகா ஹிட்ஸ்! அட்டையில் பத்து வருடத்துக்கு முந்தைய என் முகம். முகத்தை வெள்ளையடித்த மாதிரி ஆக்கி, இல்லாத மூக்குத்தி ஒன்றைப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

அவர்களிடம் இருப்பது ஆறே பாட்டு. ஆல்பத்தில் பன்னிரண்டு. மீதி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். அண்ணனின் அதே சேனலில் யாரோ பாட, பின்னால் ஏழு பேரோடு நான் ‘ஓ’ போட்ட பாட்டுகளெல்லாம் இப்போது என் ஹிட்ஸ். எட்டாவது பாட்டில் இருப்பது நானே இல்லை. சத்தியமாக அது என் குரல் இல்லை! கடைசிப் ‘பாட்டு’ நான் மைக் டெஸ்ட் செய்தது. “ஹலோ, ஹலோ, கேக்குதா அண்ணே?” கீழே ஒருவர் அருமை என்று எழுதியிருக்கிறார்.

‘ஐஸு உருகுது’தான் முதல் பாட்டு. அதையும் விட்டுவைக்கவில்லை. புதுசாக ஒரு தாளத்தை உள்ளே நுழைத்து, நீளத்தைக் குறைத்து, கடைசி சரணத்தை அப்படியே வெட்டி எறிந்துவிட்டார்கள். முடிவில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது பாட்டு.

உதயா கேட்டுவிட்டுச் சொன்னார்: “இன்னாமே இது, மீனுக்கு வால வெட்டிக்கீறான்.”

ஜூலை 2

நம்பவே முடியவில்லை. ரகுபதி அண்ணன் வீட்டுக்கு வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. செருப்பைக் கழற்றக்கூட இல்லை, வாசலிலேயே நின்றார்.

“என் பேர வெட்டிட்டானுங்க ரேகா.”

கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

“வித்தேன், இல்லங்கல. துட்டு வாங்கினேன். ஆனா பேரு இருக்கும்னு நெனச்சேன். நான் செத்தாலும் பாட்டுல பேரு இருக்கும்னு... நைட்டோட நைட்டா வெட்டிட்டானே! எவன் எவனுக்கோ போன் பண்ணி கேட்டேன். ரகுபதி யாருன்னு கேக்குறான்.”

என் பாட்டு போனதற்காக வரவில்லை. தன் பேர் போனதற்காக வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணனை அப்படி நான் பார்த்ததே இல்லை. நாற்காலியைப் போட்டேன்.

“நீ மறுபடியும் பாடு. நீதான் எழுதுனன்னு எங்க வேணா வந்து சொல்றேன்” என்றார். அவர்கள் உங்கள்மேல் கேஸ் போட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். “போடட்டும். பூமாரி சொல்லிட்டா, ஜெயிலுக்கு சோறு எடுத்துகினு வராளாம்.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஜூலை 19

பதிவு. ரகுபதி அண்ணன் சொன்னபடி சுஜாவிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் கூட வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பூமாரி அண்ணியோடு.

எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. கடைசி சரணத்தில் பேர் மட்டும் மாற வேண்டும் என்று சுஜா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ‘வார்த்த குடுத்தது யாரு?’ வரைக்கும் வந்தேன். வாய் அதுபாட்டுக்கு ‘தண்டையார்பேட்ட ரகுபதி’ என்றது! சுஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுபடி பாடினேன். மறுபடியும் அவர் பேரே வந்தது.

மூன்றாவது தடவை ‘ராயபுரத்து ரேகா பாரு’ என்று வந்தது, ஆனால் முனகலாக. என் பேரை நானே பாடக் கூச்சமாக இருந்தது. பத்து வருடத்தில் ஒரு பாட்டிலும் நான் அதைச் சொன்னதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் பொத்தானை அமுக்கிப் பேசினார்.

“பேர நல்லா இழுத்துப் பாடு ரேகா. தேஞ்சிடப் போது.”

பாடினேன்.

ஆகஸ்ட் 20

எங்கள் ஆல்பம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் பாட்டு ‘ஐஸு உருகுது’, புதுப் பதிவு. வரிகள்: ரேகா. போனிலேயே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன். உதயா கிண்டல் செய்தார், செய்யட்டும்.

காலையில் மீன் வாங்கக் காசிமேடு போனேன். ஐஸ் உடைக்கிற இடத்தில் பாட்டு ஓடியது. நம்முடையதா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை, அந்த வெட்டின பாட்டுதான். அதுதான் எல்லாருடைய போனிலும் முதலில் வருகிறதாம்.

வெட்டின இடத்தில் பாட்டு நின்றது. ஐஸ் உடைப்பவர்கள் நிற்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல் மிச்சச் சரணத்தை அவர்களே பாடி முடித்தார்கள். ‘வார்த்த குடுத்தது யாரு? தண்டையார்பேட்ட ரகுபதி பாரு!’

பாதியில்தான் கவனித்தேன், நானும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறேன். அவர் பேரை நன்றாக இழுத்து.