துடைப்பத்தில் தீப்பொறி

மார்ச் 6
இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது நகரக் குழுவின் கடிதம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே கப்பல் கட்டியவர்களுக்குப் பூங்காவில் பெயர்ப்பலகை வைக்கிறார்களாம். அம்மாவின் பெயரும் இருக்கிறது: ஆர்லீத்தா மங்கின். மனசு குளிர்ந்துவிட்டது. பிறகு தலைப்பைப் பார்த்தேன். ‘துப்புரவுப் பணியாளர்கள்.’

துப்புரவா? இரண்டு வருடம் கப்பல் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்தவள் அவள். கறுப்புப் பெண்ணை வெல்டர் என்று எழுத மேஸ்திரிக்குக் கை வரவில்லை. வேலை அட்டையில் துப்புரவு என்று போட்டுவிட்டு, கையில் வெல்டிங் கம்பியைக் கொடுத்தார்.

மார்ச் 9
குழுத் தலைவர் பிரிட்சர்ட்டைப் பார்த்தேன். மரியாதையான மனுஷர்தான்.

“அட்டையில இருக்கறதைத்தான் போட முடியும், மிஸ் வெர்நெல். வேற ஆதாரம் ஏதாவது இருக்கா?”

அம்மாவின் கழுத்துக்குக் கீழே கடுகு சிதறியதுபோல் தழும்புகள் இருந்தன. அவள் மண்ணுக்குள் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. தோண்டியா காட்டுவேன்?

“துடைப்பத்துலேருந்து தீப்பொறி பறக்குமா சார்?” என்று கேட்டேன். அவர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

மார்ச் 10
இன்னும் ஆறவில்லை. எப்படி ஆறும்?

மார்ச் 21
பிரிட்சர்ட் போன் செய்தார். “வேலையே போட வேண்டாம். எல்லார் பேரையும் வரிசையா போட்டுடறோம். எல்லாரும் சமம்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சித்தியும் அம்மாவோடு வெல்டிங் வைத்தவள்தான்; அவள் மகள் டெலோரிஸ்கூட, “விட்டுத் தொலையேன்டி, பேரு வருதுல்ல” என்கிறாள். எண்பது வருடமாக வெள்ளைக்காரர்கள் பெயருக்குப் பக்கத்தில் வேலை இருந்தது. எங்கள் முறை வந்ததும் சமம் வந்துவிட்டதா?

எங்கம்மா பேரையே எடுத்துடுங்க என்று சொல்லிவிட்டேன். தப்புப் பண்ணிட்டேனோ? இல்ல. பண்ணல.

ஏப்ரல் 2
சர்ச் விட்டதும் கிளீவ்லண்டைப் பிடித்தேன். துறைமுகத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரும்புத் தகட்டில் அம்மா பெயரை வெல்டிங்கில் எழுதிக் கொடு என்றேன்.

“நான் எழுத மாட்டேன்க்கா. நீயே வை. முகமூடி தர்றேன்.”

அறுபத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா?

ஏப்ரல் 15
முதல் எழுத்து புழு மாதிரி நெளிகிறது. கம்பி தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. “குத்தாதக்கா, தொட்டும் தொடாம நகத்து” என்கிறான். சட்டைக்குள் ஒரு பொறி விழுந்தது. சர்ச்சில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று சொன்னேன். அப்புறம் அழுதேன் — வலியில் இல்லை. இதை அவள் இரண்டு வருடம் வாங்கியிருக்கிறாள். ஒரு வார்த்தை முனகியதில்லை.

மே 1
ஆர்லீத்தா மங்கின், வெல்டர். வேலியில் மாட்டியாயிற்று. பூங்காவுக்குப் போகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மே 12
டெலோரிஸ் வந்து வேலியில் இருந்த தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். சித்தியின் பெயரையும் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாளாம்.

“எங்கம்மாவுக்கும் ஒண்ணு வெச்சுத் தாடி.”

முகமூடியை அவள் கையில் கொடுத்தேன்.

ஜூலை 8
காலையில் பூங்காவில் பலகையைத் திறந்தார்கள். நான் போகவில்லை. துப்புரவு என்று எழுதப்பட்ட மற்றப் பெண்களின் பிள்ளைகளும் பலகையிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு இங்கே வந்தார்கள்; வேலியில் இப்போது பதினொரு தகடுகள். டெலோரிஸ் வைத்தது கோணல்.

மதியம் விழாவுக்கு வந்தவர்களை ஏற்றிய சுற்றுலாப் பேருந்து என் வாசலில் நின்றது. வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு பெயராகப் படித்தாள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெல்டர், வெல்டர் என்று. கடைசியாக இறங்கிய பிரிட்சர்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் வந்தார்.

“பலகையில அந்தப் பதினோரு பேரோட இடமும் காலியாத்தான் இருக்கு, மிஸ் வெர்நெல். நீங்க சொல்ற மாதிரியே போட்டுடறோம்.”

“காலியாவே இருக்கட்டும். ஏன்னு கேக்கறவங்கள இங்க அனுப்புங்க.”