அந்த வீட்டில் மூலம்

4-2-1971, வியாழன்

மூல ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாகியும் புண் எரிகிறது. இன்று கல்யாணத் தரகர் வந்தார். "விமலாவுக்கு மூல நட்சத்திரமாமே சார்? ஜாதகத்தையே மாத்திட்டீங்கன்னு மாப்பிள்ளை வீட்ல வேணாம்னுட்டாங்க. இங்க சிட்லபாக்கத்துல விசாரிச்சப்போ, அந்த வீட்ல மூலம்னு யாரோ சொன்னாங்களாம்" என்றார்.

யாரோ சொன்னது என் வியாதியை. என் மகள் பிறந்தது ரோகிணியில். மூலம் எனக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஜாதகம் சரிதான்" என்று மட்டும் முனகினேன். அவர் நம்பவில்லை.

சாயங்காலம் விமலா வழக்கம்போல் நான் உட்காரும் பேசினில் வெந்நீர் ஊற்றி, ஊதா மருந்தைக் கரைத்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. "உக்காருங்கப்பா" என்றாள். கதவருகே போனவள் திரும்பி, "எனக்கு ரோகிணிதானேப்பா?" என்று கேட்டாள்.