எங்கள் வீட்டு டம்ளரில் குடித்த கீழாநெல்லி

அம்மா,

இன்று காலை எங்கள் பள்ளியில் மூலிகைத் தோட்டம் திறந்தார்கள். பத்துப் பன்னிரண்டு செடிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தகரப் பலகை. கீழாநெல்லிக்குத் தனித் தொட்டி. பாகூர் வயலில் நீ களையோடு களையாகப் பிடுங்கி வரப்பில் போட்ட செடி அது. குனிந்து ஒரு கிளையைத் திருப்பினேன். புளிய இலை போலச் சின்ன இலைகள், அடியில் வரிசையாகக் கடுகளவு காய்கள். விரலில் நசுக்கினேன். அந்தப் பச்சை வாசனை எழுந்ததும் மைக்கில் பேசியவரின் குரல் தூரமாகிவிட்டது. 'நம் முன்னோர்கள் கண்டறிந்தது' என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. எந்த முன்னோர் என்று கேட்கத் தோன்றியது. கேட்டிருந்தால், 'சாருக்கு எப்பவும் இதே வேலை' என்பார்கள். ஸ்டாஃப் ரூமில் என்னைப் பற்றி அப்படித்தான் பேசுகிறார்கள்.

நீ உன்னை வைத்தியச்சி என்று சொல்லிக்கொண்டதே இல்லை. இருமலுக்கு ஆடாதோடை, சொறிக்குக் குப்பைமேனி, தலைபாரத்துக்கு நொச்சி இலை போட்டு ஆவி. இதெல்லாம் உன்னோடு களை எடுத்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் காமாலை என்றால் உன்னைத் தேடித்தான் வருவார்கள். நீ ஒவ்வொரு தண்டையும் திருப்பிப் பார்க்காமல் அம்மியில் வைக்கமாட்டாய். தண்டு சிவந்திருந்தால் அது வேறு செடி என்று தூக்கிப் போட்டுவிடுவாய். வருகிறவர்களிடம் உன் முதல் கேள்வியும் ஒன்றுதான்: "ஆஸ்பத்திரில காட்டுனியா?"

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது நடந்ததை எழுதுகிறேன். பெரிய வீட்டுக் கடைசிப் பையனுக்குக் காமாலை. புதுச்சேரியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. இருந்தும் கண்ணில் மஞ்சள் குறையவில்லை, சோறு இறங்கவில்லை. ஒரு காலை அவர்கள் வீட்டு ஆள் தூக்குவாளியோடு நம் வாசலுக்கு வந்தார்.

"எக்கா, பச்சிலை அரைச்சு இதுல குடுத்தனுப்பச் சொன்னாங்க."

அந்த வீட்டு நிலத்தில் நீ இருபது வருஷம் குனிந்திருக்கிறாய். கொல்லையைத் தாண்டி உள்ளே போனதில்லை. உனக்கென்று ஒரு டம்ளரைக் கொல்லைச் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, 'இவனும் படிக்கப் போய்ட்டா களைய யாரு எடுப்பா' என்று அந்த வீட்டுக்காரர் உன் எதிரிலேயே சிரித்தார். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

"குடுக்காதம்மா," என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவரிடம் சொன்னாய்: "அரைச்ச எடத்துலயே குடிக்கணும். எடுத்துக்கினு போனா வேல செய்யாது. புள்ளைய இட்டாரச் சொல்லு."

"இங்கியா? வெளாடுறியா எக்கா?"

"மருந்து அப்பிடி. நான் இன்னா பண்றது."

மறுநாள் அதே ஆள் வேறு சேதியோடு வந்தார். அவர்கள் கொல்லையிலேயே அம்மி இருக்கிறதாம், வந்து அரைத்துக் கொடுத்தால் போதுமாம். "என் அம்மி தான் எனக்குப் பழக்கம்," என்று சொல்லிவிட்டு நீ வேலைக்குக் கிளம்பினாய். அன்றும் மறுநாளும் பொழுது விடியும் முன்பே நீ இலை பறித்துக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்ததை நான் பார்த்தேன். பையன் வராததால் வதங்கியதும் எடுத்துக் கொட்டினாய். எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் அந்த வீட்டு அம்மாள் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு காலனிக்குள் நடந்து வந்தார். தெருவே குழாயடியில் குடத்தோடு நின்று பார்த்தது.

"இங்கியே குடுத்துடேன்," என்றார், வாசலில் நின்று.

"உள்ள வாங்க. புள்ள உக்காந்து குடிக்கட்டும்."

வந்தார்கள். நம் பாயில் உட்கார்ந்தார்கள். நெல்லிக்காய் அளவு விழுதை மோரில் கரைத்து, நாம் குடிக்கிற டம்ளரில் நீட்டினாய். அந்த அம்மாளின் கண் டம்ளரிலேயே இருந்தது. பையன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கசக்குதாடா ராஜா? நாளைக்கும் இதே தான்," என்றாய்.

மூன்று நாள் வந்தார்கள். கடைசி நாள் அந்த அம்மாள், "ஏம்மா, எனக்கும் கொஞ்சம் தண்ணி குடு," என்றார். நீ கொடுத்தாய். குடித்தார். பையன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி மருந்தா, உன் இலையா என்று நான் வாதாடப் போவதில்லை. நீயும் வாதாடியதில்லை.

அன்றைக்கே உன்னிடம் கேட்டேன், அரைத்த இடத்தில்தான் குடிக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று. உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே சொன்னாய்: "யாரும் சொல்லல. நாந்தான் சொன்னேன். எலைக்கு இன்னாடா தெரியும், இது யார் வூடுன்னு."

இந்த இடத்தில் நிறுத்தித்தான் இத்தனை வருஷமும் இதைச் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில், ஸ்டாஃப் ரூமில், என் பிள்ளைகளிடம். என் அம்மா பெரிய வீட்டையே நம் பாயில் உட்கார வைத்தாள் என்பேன். கேட்டவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். அன்று நாம் பேசியது அதோடு முடியவில்லை. அவர்கள் வராமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு நாள் பாத்திருப்பேன். அப்புறம் நானே அரைச்சு எடுத்துக்கினு கொல்லைப் பக்கமா போயிருப்பேன். புள்ளடா அது."

எனக்குக் கோபம் வந்தது. ஜெயித்துவிட்டு எதற்காக இதைச் சொல்கிறாய் என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்த ஒரு பேச்சை வெட்டிவிட்டால் நீ இன்னும் உயரமாகத் தெரிவாய் என்று நினைத்தேன், வெட்டியே சொன்னேன். நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன். யார் யார் என்னை எங்கே நிற்க வைத்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அவர்களில் ஒருவருக்கும் நான் இலை பறித்து வைத்ததில்லை.

நீ போய் ஒன்பது வருஷமாகிறது. இன்றைக்குத்தான் உன் பேச்சில் எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன். இனி யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்வேன், கை தட்டாவிட்டாலும்.